பிரம்மநாயகி மதினி சுற்றிய பிரகாரம்

பிரம்மநாயகி என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது என் சித்தியின் வாயிலிருந்து. அண்ணன் தாணுமாலையனுக்குப் பெண் பார்க்க ஆழ்வார்குறிச்சி போயிருந்த சித்தி, வில்வண்டியை விட்டு இறங்கும்போதே பேச்சைத் தொடங்கிவிட்டாள். நான் அப்போது பாவாடை கட்டிய சிறுமி. அவள் கால் கழுவச் செம்பில் தண்ணீர் கொண்டு போனேன்.

"பிள்ளை பேரு பிரம்மநாயகி. நிறம் மட்டுதான். ஆனா கையைப் பிடிச்சுப் பார்த்தேன், கருங்காலி மாதிரி இருக்கு. நாங்க உக்காந்திருக்கும்போதே ஒரு ஈடு நெல்லைக் குத்தி எடுத்துட்டா. மூச்சு வாங்கலை" என்று என் அம்மையிடம் சொன்னாள்.

"பொண்ணு பார்க்கப் போனியளா, மாடு பிடிக்கப் போனியளா?" என்று அம்மை கேட்டாள்.

"மாடுன்னா பல்லைப் பார்க்கணும். அதையும் பார்த்துட்டுத்தான் வாரேன்" என்றாள் சித்தி.

தாணுமாலையன் அண்ணன் அந்தச் சித்தியின் மகன், என் அப்பாவின் தம்பி பிள்ளை. டவுண் மேலரத வீதியில் எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். என்னை வாழக் கொடுத்ததும் அதே தெருவில்தான். அதனால் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த மதினியின் வாழ்க்கையை விட்டுவிட்டுப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. வந்த நாள் முதல் தொடர்ச்சியாகப் பார்த்தவள் நான்.

சித்தி கைபிடித்துப் பார்த்தது வீண் போகவில்லை. விடியுமுன் உரலடியில் மதினியின் உலக்கைச் சத்தம் கேட்டுத்தான் எங்கள் வீட்டில் அடுப்புப் பற்றும். கிணற்றில் இறைப்பாள், தொழுவத்துக்குத் தண்ணீர் சுமப்பாள், வெள்ளிக்கிழமை குறுக்குத்துறைக்கு நடந்து போய்க் குளித்துவிட்டு ஈரச்சேலையோடு நடந்தே திரும்புவாள். பெற்றவற்றில் பலது தங்கவில்லை. சிவசைலம் ஒருவன்தான் நின்றான். ஒவ்வொன்றையும் பறிகொடுத்த பிறகு அவள் அழுததைவிடக் குத்தியதுதான் அதிகம். உலக்கையைப் பிடித்துவிட்டால் மனசு ஒரு பக்கம் ஒதுங்கிக் கொள்ளும் என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எங்கள் வீட்டில் கிடையாது. சித்தி தன் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது. வீட்டுக்காரிக்கு மாதவிலக்கு முழுக்க நின்று போனதென்று தெரிந்ததும், நல்ல வெள்ளிக்கிழமை பார்த்து அவள் உலக்கையைக் கழுவி மஞ்சள் குங்குமம் இட்டுப் பரணில் ஏற்றிவிடுவார்கள். அவளுக்குப் புதுச்சேலை. பலாமணை ஒன்று போட்டு உட்கார வைத்து மருமகள் விழுந்து கும்பிடுவாள். அன்றிலிருந்து அவள் குத்தக் கூடாது, இறைக்கக் கூடாது, பெருக்கக் கூடாது. மீறிச் செய்தால், கெட்ட பெயர் மருமகளுக்கு. மாமியாரை வேலை வாங்கினாள் என்று சம்பந்தி வீடு வரை பேச்சுப் போகும். இது பெண்ணுக்குச் செய்கிற மரியாதை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கொடுத்து வைத்தவள் மதினி என்று சொல்லியும் இருக்கிறேன்.

டவுணில் கலவரம் நடந்து கடைகளெல்லாம் அடைத்துக் கிடந்ததே, அந்த வருஷம் தை மாதம்தான் மதினியை மணையில் உட்கார வைத்தார்கள். இனி உண்டு உடுத்துச் சும்மா இருக்க வேண்டியதுதானே என்று தெரு முழுக்கச் சொன்னது.

ஒரு வருஷம் போயிருக்கும். மதினியின் உடம்பு வேறு ஒருத்தியின் உடம்பு மாதிரி ஆகிவிட்டது. உட்கார்ந்திருக்கும்போதே உள்ளேயிருந்து அனல் குப்பென்று ஏறி முகம் வேர்க்கும். தூக்கம் போயிற்று. இடுப்பு கனத்தது. முழங்கால் வீங்கியது. குத்துக்காலிட்டு உட்கார முடியவில்லை. எழும்போது சுவரைப் பிடித்தாள்.

வைத்தியர் பூதலிங்கம் வந்து நாடி பார்த்தார். "வாயு மூட்டுல இறங்கியிருக்கு அண்ணாச்சி. வயசு அப்படி. ஆச்சியை அசைய விடாதிய. அசைஞ்சா எலும்பு தேயும்" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனார். தைலம் வந்தது. மணல் ஒத்தடம் கொடுத்தார்கள். சிவசைலத்தின் பெண்டாட்டி, மருமகள் உலகம்மாள், உளுந்தங்களி கிண்டி நல்லெண்ணெய் குழி நிறைய ஊற்றி உட்கார்ந்த இடத்துக்கே கொண்டு வந்தாள். அவளைக் குறை சொல்ல வழியில்லை. தங்கமான பிள்ளை. சீவலப்பேரியில் வயலும் வாய்க்காலுமாக இருந்த வீட்டிலிருந்து வந்தவள். அவளுக்கு இருந்த ஒரே குறை, கல்யாணமாகி வருஷங்கள் போயும் வயிறு திறக்கவில்லை.

ஆனித் தேருக்கு எல்லோரும் போனோம். மதினியும் வந்தாள். கூட்டத்தில் தேர் நகர நகர நான்கு வீதியும் அவளும் நகர்ந்தாள். மறுநாள் சீக்காகப் படுத்திருப்பாள் என்று பார்க்கப் போனேன். முற்றத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏட்டி ஆவுடை, ராத்திரி செத்த மாதிரித் தூங்கினேன். காலு லேசா இருக்கு. நடந்தா வலி போவுது. உக்காந்தா வருது. இதை நான் யாருகிட்டப் போயிச் சொல்லுதது?" என்றாள்.

"அண்ணன்கிட்டச் சொல்லுங்க மதினி."

"சொன்னாச்சு. காலம்பற குறுக்குத்துறை வரைக்கும் போயிட்டு வாரேன்னு கேட்டேன். என்ன சோலிக்குன்னு கேட்டாவ. சோலி இல்லை, நடக்கத்தான்னு சொன்னேன். அப்படியே பார்த்தாவ, எனக்குப் புத்தி பிசகிட்டுன்னு நினைச்சிருப்பாவ."

அண்ணன் நல்லவர்தான். ஆனால் அவருக்கு விளங்கவில்லை. என் எதிரிலேயே மதினியிடம் சொன்னார்: "ஏளா, சோலி இல்லாம ஒரு பொம்பளை தெருவில போனா ஊர்ல என்ன சொல்லுவான்? பெண்டாட்டிக்குச் சோறு போடாம விரட்டிட்டானான்னு கேப்பான். உனக்கு இந்த வீட்டில என்ன குறை? மகாராணி மாதிரி உக்காந்திருக்கே."

"மகாராணிக்கும் இடுப்பு வலிக்கும்லா" என்றாள் மதினி. அண்ணன் சிரித்துக்கொண்டே மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அன்றைக்கு மதினி என்னிடம் தன் தாயைப் பற்றிச் சொன்னாள். ஆழ்வார்குறிச்சியில் அந்த அம்மை விழுந்த படுக்கையாக வருஷக்கணக்கில் கிடந்தவள். மதினி போகும்போதெல்லாம் புரட்டிப் போட்டு, முதுகுப் புண்ணைக் கழுவிவிட்டு வருவாள். "எனக்குச் சாவப் பயமில்லை. அப்படிக் கிடக்கதுக்குத்தான் பயம். கால்ல நிக்கும்போதே போயிரணும்" என்றாள். அவள் கேட்டது அவ்வளவுதான். நகை கேட்கவில்லை, காசிக்கும் போகக் கேட்கவில்லை.

வழி அவளே கண்டுபிடித்தாள். ஒரு வெள்ளிக்கிழமை குடும்பத்தார் எல்லோரும் இருக்கும்போது, மஞ்சள் துணியில் முடிப்பு முடிந்து காந்திமதியம்மன் படத்தருகே வைத்துவிட்டுச் சொன்னாள்: "உலகம்மாளுக்கு வயித்துல ஒரு பூ பூக்கிற வரைக்கும் தினம் காலம்பற பெரிய பிரகாரத்தைச் சுத்தி வாரதா அம்மைகிட்ட நேர்ந்திருக்கேன்."

அம்மனிடம் நேர்ந்ததைத் தடுக்க யாருக்கு மனம் வரும்? வைத்தியரிடம் கேட்டார்கள். அவரும் சாமி காரியத்தில் வாயு ஒன்றும் செய்யாது என்று சொல்லிவிட்டார்.

அப்படித்தான் மதினி நடக்கத் தொடங்கினாள். நானும் பல நாள் கூடப் போனேன். நெல்லையப்பர் கோவில் பிரகாரம் எவ்வளவு பெரிதென்று உள்ளூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். சுவாமி கோவிலைச் சுற்றி, சங்கிலி மண்டபம் வழியாக அம்மன் கோவிலுக்கு வந்து, அதையும் சுற்றித் திரும்பினால் எனக்கு மூச்சு முட்டும். முதலில் தூண் தூணாகப் பிடித்துக்கொண்டுதான் போனாள். மாதங்கள் போகப் போகத் தூணை விட்டாள். பிறகு என்னையும் விட்டுவிட்டு முன்னே போனாள். கல்தளத்தில் வெறுங்காலோடு, கைகளை வீசி, சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் நடக்கிற நடையைப் பார்த்தால் கும்பிட வந்தவள் மாதிரி இருக்காது. பிந்திப்போன ஆள் வண்டியைப் பிடிக்கப் போகிற மாதிரி இருக்கும்.

வீக்கம் வற்றியது. தூக்கம் வந்தது. அனல் எழும்புவது அறவே நிற்கவில்லை, ஆனால் குறைந்தது. மறுபடியும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து உலகம்மாள் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள்.

கோவில் வாசலில் பூக்கட்டுகிற அன்னத்தாய்க்கு வாய் சும்மா இருக்காது. "ஆச்சி சுத்தச் சுத்த மருமகளுக்கு வயிறு வரலை, ஆச்சிக்கு இருந்த வயிறும் போயிட்டு" என்பாள். மதினி சிரித்துவிட்டு அவளிடமே பூ வாங்குவாள்.

சிரிக்காதவள் ஒருத்தி இருந்தாள். உலகம்மாள்தான். மாமியார் ஒவ்வொரு நாளும் கோவிலைச் சுற்றும்போது, தன் மலட்டுத்தனத்தை அல்லவா ஊரறியச் சுற்றி வருகிறாள் என்று அந்தப் பிள்ளைக்கு இருந்திருக்கிறது. ஒருநாள் நான் அங்கே இருக்கும்போதே கேட்டுவிட்டாள்.

"அத்தே, நீங்க நடக்கது எனக்காகவா?"

"உனக்காகவுந்தான் தாயி" என்றாள் மதினி.

"அந்த 'உம்' போதும் அத்தே" என்று சொல்லிவிட்டு உலகம்மாள் உள்ளே போய்விட்டாள். கோபமாகச் சொல்லவில்லை. அவளுக்கு அன்றைக்கே எல்லாம் புரிந்துவிட்டது. வெளியே ஒருவரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் கோவிலிலிருந்து திரும்பி வரும்போது மதினி என்னிடம் சொன்னதை நான் யாரிடமும் சொன்னதில்லை. "சந்நிதியில நின்னு அவளுக்கு உண்டாகணும்னுதான் கும்பிடுதேன். பொய்யில்லை. ஆனா உண்டாயிட்டா நான் உக்காரணும்லா. அது நினைப்பு வந்ததும் வாய் தடுமாறிப் போவுது. அம்மை என் வாயைக் கேப்பாளா, மனசைக் கேப்பாளா, தெரியலை."

அம்மன் வாயைத்தான் கேட்டாள். ஆனந்த வருஷம் ஆடியில், சண்டை மூண்டுவிட்டதென்று சீமைச் செய்தி வந்த சமயத்தில், உலகம்மாள் முழுகாமல் இருக்கிறாள் என்று உறுதியாயிற்று. ஆடிப்பூரத்தில் அம்மனுக்கு வளைகாப்பு நடக்கிறபோது அண்ணன் குடும்பத்தோடு போய் அபிஷேகம் செய்து நேர்ச்சையை முடித்தார். மஞ்சள் முடிப்பை மதினி கையாலேயே உண்டியலில் போடச் சொன்னார்கள். அவள் போட்டாள். முகத்தில் சந்தோஷமும் இருந்தது. இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

மறுநாள் காலையில் வழக்கம்போலக் குளித்து நெற்றிக்கு இட்டு வாசலுக்கு வந்தாள். அண்ணன் நின்றுகொண்டிருந்தார்.

"எங்கன கிளம்பிட்டே?"

"கோவிலுக்கு. கொடுத்த அம்மைக்கு நன்றி சொல்லணும்லா. பைய ஒரு சுத்து சுத்திட்டு வாரேன்."

உலகம்மாளின் தாய் பாலம்மாள் அப்போது மகளைப் பார்க்க வந்திருந்தாள். உள்ளேயிருந்தே சொன்னாள்: "சம்பந்தி, கேட்டது கிடைச்ச பொறவும் சுத்தினா, இன்னும் குறை தீரலைன்னு அம்மைகிட்டச் சொல்லுத மாதிரில்லா. வயித்துப்பிள்ளைக்கு ஆகாது. நாங்க பயந்த ஆளுக."

அதற்கு மேல் என்ன பேச்சு? கோவில் பட்டரும் அப்படித்தான் அபிப்பிராயப்பட்டார். பிள்ளைக்கு ஆகாது என்று ஒருமுறை சொல்லியாகிவிட்டது. பிறகு ஏதாவது ஆனால் யார் தலையில் விழும்? மதினி திரும்பி வந்து மணையில் உட்கார்ந்தாள்.

சும்மா விடவில்லை அவள். கொல்லையில் மாட்டுத்தொழுவுக்கும் கிணற்றுக்கும் இடையே போய்வந்தாள். வேலைக்காரியை மேற்பார்க்க மாமியார் அலைகிறாள் என்றால் மகளுக்குத்தானே கெட்ட பெயர் என்று பாலம்மாள் முகம் சுளித்தாள். பரணில் இருந்த உலக்கையை மதினி ஒருநாள் இறக்கினாள். "என் மக சுமந்துகிட்டு இருக்கா, குத்த முடியலைங்கதைக் குத்திக்காட்டுதியளா?" என்று கேட்டு பாலம்மாள் சாப்பிடாமல் இருந்துவிட்டாள். உலக்கை மறுபடியும் ஏறியது.

பிள்ளை பிறந்தது. ஆண்பிள்ளை. உட்கார்ந்தவளுக்கென்று ஒரு வேலை கிடைத்தது. காலை நீட்டிப் பிள்ளையைப் போட்டுக் குளிப்பாட்டுவாள், மடியில் தூங்கப்பண்ணுவாள். பிள்ளை மடியில் இருந்தால் அசைய முடியாது. அவளை எழவிடாமல் வைக்க அதைவிட நல்ல வழி யாருக்கும் தோன்றியிருக்காது. யாரும் அப்படி நினைத்துச் செய்யவில்லை. ஆனால் நடந்தது அதுதான். இரண்டு மழைக்காலம் போனதும் பழைய இடுப்பும் பழைய முழங்காலும் திரும்பி வந்தன. கூடவே முதுகும் கூனியது. நின்றால் என் தோளுக்குத்தான் வந்தாள். முன்னே என்னைவிட ஒரு கை உயரம் அவள்.

அப்போதுதான் உலகம்மாள் ஒன்று செய்தாள். பிள்ளை நடக்கத் தொடங்கிய பிறகு, ஒரு நாள் மாமனார், புருஷன் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பரிமாறியபடியே சொன்னாள்: "எனக்கு ஒரு பொம்பளைப் பிள்ளை வேணும்னு ஆசையா இருக்கு. அத்தை வாயால கேட்டாத்தான் அம்மை கொடுக்கா. அத்தை மறுபடியும் நேர்ந்துக்கிடட்டும்."

யாரும் மறுக்கவில்லை. சிவசைலம் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். மதினி உலகம்மாளைப் பார்த்தாள். உலகம்மாள் குழம்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளே முடிப்பு முடிந்தார்கள். நான் கைபிடித்துக் கூட்டிப் போனேன். வீட்டிலிருந்து கோவிலுக்கு எவ்வளவு தூரம் இருந்துவிடும்? வாகையடி முக்குக்கு வருவதற்குள் மூன்று இடத்தில் நின்றாள். கோவில் வாசற்படியில் கால் ஏறவில்லை. நானும் அன்னத்தாயும் இரண்டு பக்கமும் தாங்கினோம். உள்ளே போனதும் முதல் தூணடியில் உட்கார்ந்துவிட்டாள். பிரகாரம் நீளமாக முன்னால் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தாள்.

"கோவில் பெரிசாயிட்டோ ஆவுடை" என்றாள்.

"நாளைக்குப் பார்த்துக்கிடலாம் மதினி."

"நாளைக்கு இந்தத் தூணு வரைக்கும் வந்தாப் போதும்" என்றாள். திரும்பி வர வண்டி வைத்தோம்.

விடமாட்டேன் என்றுதான் இருந்தாள். காலில் வலு வரட்டும் என்று, ஆள் இல்லாத பொழுதில் இரண்டாம் கட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு போய்வந்து பழகினாள். உலகம்மாள் பார்த்தும் பார்க்காதது மாதிரி இருந்தாள். வழியில் கிடக்கிற சாமான்களை எடுத்து ஓரமாக வைப்பாள். கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், சுவரில் சாய்ந்து நின்றிருந்தவள் கையை எடுத்துவிட்டுத் திரும்பினாள். கால் இடறவில்லை. தரை ஈரமும் இல்லை. நின்ற இடத்திலேயே இடுப்பு விட்டுவிட்டது. மளுக்கென்ற சத்தம் அடுக்களை வரை கேட்டதாக உலகம்மாள் சொன்னாள்.

எலும்பு வைத்தியம் பார்க்கிறவரை வெளியூரிலிருந்து வரவழைத்தார்கள். மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார். முட்டைப் பற்றுப் போட வேண்டும் என்றார். சைவ வீட்டில் அது ஆகாது என்று அண்ணன் உளுந்தை அரைத்துப் பற்றுப் போடச் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாமா என்று சிவசைலம் கேட்டான். அங்கே போய் மட்டும் என்ன செய்வான் என்றார்கள். எலும்பு கூடவே இல்லை. ஒரு கால் குட்டையாகப் போயிற்று.

பூதலிங்கம் வைத்தியர் வந்து பார்த்துவிட்டு, "நான் அன்னைக்கே சொன்னேன்லா அண்ணாச்சி, அசைய விடாதியன்னு" என்றார். அண்ணன் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் வயசான பெண்பிள்ளை யாராவது கோவிலுக்கு நடக்கிறேன் என்று கிளம்பினால், பிரம்மநாயகி நடந்து நடந்துதான் விழுந்தாள் என்று சொல்லி உட்கார வைக்கிறார்கள். நான் அப்படியில்லை என்று சொல்லிப் பார்த்தேன். கேட்பாரில்லை. எனக்கே இப்போது வெளியே போவதென்றால் சிவசைலத்தின் வண்டிதான்.

படுக்கையில் விழுந்து கொஞ்ச நாள் வரை மதினி பேசுவாள், பகடி பண்ணுவாள். "மகாராணிக்குப் பல்லக்கு ஒண்ணுதான் பாக்கி" என்பாள். இப்போது பேச்சு குறைந்துவிட்டது. போன வருஷம் விஷக்காய்ச்சல் வந்து தெருவில் எத்தனையோ பேரைக் கொண்டு போயிற்று. நடந்து திரிந்த ஆட்கள் போனார்கள். அண்ணனும் போனார். அழுகைச் சத்தம் கேட்டு யாரென்று கேட்டாள். சொன்னோம். எழுந்து பார்க்க வேண்டும் என்றாள். கட்டிலோடு தூக்கிக் கொண்டுபோய்க் காட்டினோம்.

உலகம்மாள்தான் எல்லாம் செய்கிறாள். புரட்டிப் படுக்க வைப்பது, துடைப்பது, ஊட்டுவது. அவளுக்குப் பெண்பிள்ளை பிறக்கவில்லை.

பிரம்மநாயகி மதினி இப்போது மேலரத வீதி வீட்டில், இரண்டாம் கட்டின் வடக்கு அறையில், கயிற்றுக் கட்டிலில் இருக்கிறாள்.